விளையாட்டு என்று சொல்லாதீர்கள்

விளையாட்டு என்றால் இரண்டு தரப்பு வேண்டும். விளையாடுகிறோம் என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். போதும் என்று தோன்றினால் எழுந்து போக வழி இருக்க வேண்டும். சடுகுடுவில் கோட்டைத் தொட்டுவிட்டால் மூச்சு விடலாம். சதுரங்கத்தில் காய்களைக் கலைத்துவிட்டு எழுந்திருக்கலாம். கிட்டிப்புள்ளில் தோற்கிற பையன், 'அம்மா கூப்பிடறாங்க' என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடலாம். இந்த மூன்று அம்சங்களில் ஒன்றுகூட இல்லாத ஒரு காரியத்துக்கு 'விளையாட்டு மீன்பிடி' என்று பெயர் சூட்டி, அதற்குச் சங்கமும் சட்டதிட்டமும் பதக்கமும் ஏற்படுத்தி, உலகம் பூராவும் கௌரவமான மனிதர்கள் ஈடுபட்டிருக்கிறார்கள். என் முதல் ஆட்சேபம் அந்தப் பெயரின் மீதுதான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று எழுத்தாளனிடம் கேட்கக் கூடாது. லஞ்சத்துக்கு அன்பளிப்பு என்று பெயர் வைத்த பிறகு அதை நீட்டுவதும் வாங்குவதும் எவ்வளவு சுலபமாகிவிட்டது என்பதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? மீன் பிடிப்பதற்குத் தமிழில் சொல் இருக்கிறது. அது பிழைப்பு. காட்டில் மிருகத்தைத் துரத்துவதற்கும் சொல் இருக்கிறது. அது வேட்டை. இரண்டுமே தன்னை மறைத்துக்கொள்ளாத சொற்கள். வயிற்றுக்காகவும் இல்லாமல், வேட்டை என்று ஒப்புக்கொள்ளவும் தைரியம் இல்லாமல் செய்யும்போதுதான் 'விளையாட்டு' என்ற மூன்றாவது சொல் தேவைப்படுகிறது.

'கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்திருக்கும் உமக்குக் கடலைப் பற்றி என்ன ஓய் கவலை?' என்று ஒரு கேள்வி வரும். 2019-ல் தனி மாவட்டமான எங்கள் ஊருக்குக் கடற்கரை கிடையாது என்பது வாஸ்தவந்தான். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. மற்ற மூன்று திக்கிலும் கரும்பும் நெல்லும் மரவள்ளியும். ஆனால் தண்ணீருக்கு இந்த மாவட்ட எல்லையெல்லாம் தெரியாது. கல்வராயன் மலையில் பெய்கிற மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கி, இரண்டும் ஒன்றாகி, விருத்தாசலத்தைத் தாண்டி வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் வங்காள விரிகுடாவைத் தொடுகிறது. அதற்குப் பதில் மரியாதை போல, கடலூர்ப் பக்கத்து மீன் ஐஸ் பெட்டியில் ஏறி எங்கள் சந்தைக்கு வருகிறது. கடல் எங்களுக்கு அந்நியம் இல்லை. தவிர, கடல் இல்லாத ஊர்க்காரனுக்கும் கண் இருக்கிறது, காது இருக்கிறது, வெளிநாடு போய்த் திரும்புகிற உறவினர்களும் இருக்கிறார்கள்.

என் தங்கை மகன் மலேசியாவில் வேலை பார்க்கிறவன். போன தீபாவளிக்கு வந்தபோது கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பகாங் மாநிலத்தில் ரொம்பின் என்று ஒரு கடற்கரை ஊர். மயில் மீனுக்குப் பேர்போன இடம். படகில் நான்கு பேர் பல் தெரியச் சிரிக்கிறார்கள். அவர்கள் மடியில் குறுக்கே ஓர் ஆள் நீளத்துக்கு மேல் ஒரு மீன். அதன் முதுகுத் துடுப்பை ஒருவன் விசிறி மாதிரி விரித்துப் பிடித்திருக்கிறான்.

"அரை மணி நேரம் சண்டை போட்டுது மாமா!" என்றான்.

"சண்டையா? அதுக்கும் உனக்கும் என்ன தகராறு?" என்றேன்.

அவன் சிரித்தான். "கடைசியில் விட்டுட்டோம் மாமா. உயிரோடதான் போச்சு. நீங்க சாப்பிடற வஞ்சிரத்தை யாராவது விட்டாங்களா?"

நல்ல கேள்வி. இந்தக் கட்டுரை முழுவதும் அதற்குப் பதில்தான். ஆனால் பதிலுக்கு முன்னால் அந்த மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும்; ஏனென்றால் படத்தில் நான்கு மனிதர்களைப் பற்றி அவன் விவரமாகச் சொன்னான், மீனைப் பற்றி எடையைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

நம் கரையில் அதற்கு மயில் மீன் என்று பெயர். இலங்கையில் தலபத் என்பார்கள். மலாய்க்காரர்கள் லாயாரான் என்கிறார்கள். பாய்மர மீன் என்று அர்த்தம். மேல் தாடை ஈட்டிபோல் நீண்டிருக்கும். முதுகின் மேல் கருநீலத்தில் புள்ளியிட்ட ஒரு பெரிய துடுப்பு; வேகமாய்ப் போகும்போது அதை மடித்து முதுகுப் பள்ளத்துக்குள் வைத்துக்கொள்ளும், இரையை வளைக்கும்போது விரிக்கும். தோகை என்று மீனவன் வைத்த பெயருக்கு மேல் ஒரு கவியும் வைத்துவிட முடியாது. வெதுவெதுப்பான கடல்களில், கரையை விட்டுத் தள்ளி, மேல் நீரில் திரிகிற ஜீவன். பிறந்த ஒரே வருஷத்தில் ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்துவிடும்.

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும் என்று பள்ளிக்கூடப் பொது அறிவுப் புத்தகங்களில்கூட எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஃப்ளோரிடாவில் ஒரு மீன்பிடி முகாமில், தூண்டில் மாட்டிய மீன் 3 நொடியில் 91 மீட்டர் நூலை இழுத்தது என்று சொன்னார்களாம். அதைப் பெருக்கி வகுத்து வந்த எண் அது. 2015, 2016-ம் ஆண்டுகளில் விஞ்ஞானிகள் கருவி வைத்தும் தசையைச் சோதித்தும் பார்த்தார்கள். நொடிக்கு 8 மீட்டர் சுமாருக்குத்தான் பாய்கிறது என்று கண்டார்கள். அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர். எங்கள் ஊர் டவுன் பஸ் வேகம். வாயில் கொக்கி குத்திய ஒரு பிராணி உயிருக்குப் பதறி ஓடியதை அளந்து, அதையே அதன் குணமென்று எழுதி வைத்தவர்களை என்னவென்று சொல்வது! ஒரு மனிதனின் வீட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டு, அவன் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து, 'இவன் நடை எப்பொழுதும் இப்படித்தான்' என்று சொல்வது போலல்லவா இருக்கிறது?

அதன் நிஜமான திறமை வேறு. மெக்ஸிகோ கடலில் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்: மயில் மீன்கள் கூட்டமாய்ச் சேர்ந்து மத்தி மீன் திரளை வளைத்துக்கொள்கின்றன. எல்லாம் ஒரே சமயத்தில் பாய்வதில்லை. ஒவ்வொன்றாக முன்னே போகிறது. ஈட்டி மூக்கைச் சத்தமில்லாமல் திரளுக்குள் நுழைத்து, இப்படி ஒன்று, அப்படி ஒன்று என்று வீசுகிறது. அடிபட்டதைப் பிடித்துக்கொண்டு, பிடிக்கத் தவறினாலும்கூட, விலகி அடுத்ததற்கு இடம் கொடுக்கிறது. பாயும் தருணத்தில் உடம்பில் நிறம் பளிச்சென்று மாறும். ரேஷன் கடை வரிசையில் நாம் காட்டாத ஒழுங்கு.

இனி மனிதனின் திறமையைப் பார்ப்போம். பெரிய மோட்டார் படகு. மீன் இருக்கும் இடத்தைக் காட்டித் தர ஒலிக் கருவி. பறவைகள் எங்கே வட்டமிடுகின்றன என்று பார்த்துச் சொல்ல, அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு கூலிக்காரன். அந்த ஆள்தான் இரை மீனை உயிரோடு கொக்கியில் மாட்டுகிறான். அவன்தான் கம்பைப் பிடிகிறவரிடம் 'இப்பொழுது இழுங்கள்' என்கிறான். அவன்தான் கடைசியில் கையுறை மாட்டிக்கொண்டு மீனின் மூக்கைப் பிடிக்கிறான். நடுவில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுழற்றுகிறவர் படத்தில் நடு நாயகமாக இருக்கிறார். நம் கல்யாண வீடுகளில் சமையல்காரன் வியர்க்க வியர்க்கக் கிளற, சம்பந்தி 'எப்படி நம்ம சமையல்!' என்று மீசையை முறுக்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கதைதான்.

இந்த விவகாரத்துக்குச் சர்வதேசச் சங்கம் உண்டு. 1939-ல் நியூயார்க்கில், இயற்கை வரலாற்று மியூஸியத்தில் கூடி ஆரம்பித்தார்கள். நூலின் பலம் இவ்வளவு, கம்பின் நீளம் இவ்வளவு, கம்பை வேறொருவர் தொட்டால் கணக்கில் சேராது என்று விதிகள். மிகக் கண்டிப்பான விதிகள், நான் மறுக்கவில்லை. 1947-ல் ஈக்வடார் தீவுக் கடலில் பிடித்த மயில் மீனின் எடை 221 பவுண்டு என்று இன்றைக்கும் பார்த்துச் சொல்லிவிடலாம். பதிவு அவ்வளவு சுத்தம். ஆனால் விதிகளை ஒரு முறை படித்துப் பாருங்கள். சாதனை செய்தவனை அடுத்த சாதனைக்காரனிடமிருந்து காப்பாற்றத்தான் அவை தோன்றின. மீனுக்காக வாதாட அந்த மியூஸியத்தில் அன்று யாரும் நாற்காலி போடவில்லை.

கதை படிக்கிறவர்கள் உடனே ஹெமிங்வேயைக் கொண்டுவருவார்கள். 1952-ல் வெளிவந்த 'கிழவனும் கடலும்' நாவலைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் கம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஹெமிங்வே தாமே பெரிய தூண்டில்காரர். மறுக்கவில்லை. ஆனால் அவர் எழுதிய கிழவன் தூண்டில் விளையாட வந்தவனா? எண்பத்து நான்கு நாள் மீன் படாமல், அடுத்த வேளைச் சோற்றுக்கு ஒரு சிறுவனின் அன்பை நம்பியிருந்த தொழிலாளி அவன். கையில் சுற்றிய கயிறு அவன் உள்ளங்கையை அறுக்கிறது. அவனும் மீனும் ஒரே கயிற்றின் இரண்டு முனையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் அவன் அந்த மீனைச் சகோதரன் என்று நினைக்கும்போது நமக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் உல்லாசப் பிரயாணிகள் வருகிறார்கள். எலும்புக்கூட்டைப் பார்த்து அது என்ன மீனென்றுகூடப் புரிந்துகொள்ளாமல் போகிறார்கள். சந்தா கட்டிப் படகேறுகிறவர் தம்மைக் கிழவனாகப் பாவித்துக்கொள்கிறார். நாவலாசிரியர் அவருக்கு ஒதுக்கிய இடம் அந்தக் கடைசிப் பக்கம்.

சரி, எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம். அவை சொத்தை வாதங்கள் என்று தள்ளிவிட நான் தயாரில்லை.

முதல் வாதம்: 'பிடித்தோம், விட்டோம், மீனுக்கு நஷ்டமில்லை.' இதில் பாதி நிஜம் இருக்கிறது. கொக்கியின் வடிவத்தை மாற்றினால் மீன் பிழைக்கிறது என்று நிரூபித்திருக்கிறார்கள். மயில் மீனின் ஒன்றுவிட்ட சகோதரனான வெள்ளை மார்லின் மீனை வைத்து அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சி 2005-ல் வெளிவந்தது. பழைய நேர்க்கொக்கியில் பிடித்து விட்ட 20 மீன்களில் 7 செத்துப்போயின. முனை உள்வாங்கிய வட்டக் கொக்கியில் பிடித்து விட்ட 20-ம் பிழைத்தன. நல்ல காரியம். வட்டக் கொக்கியைக் கண்டுபிடித்தவனுக்கு நான் நமஸ்காரம் செய்கிறேன். ஆனால் அதே கணக்கை இன்னொரு பக்கமிருந்து படியுங்கள். அதற்கு முன்னால் எத்தனை காலமாக நேர்க்கொக்கியில் பிடித்துத் தடவிக்கொடுத்து, முத்தமிட்டு, 'போய் வா ராஜா' என்று விட்டார்கள்! அவற்றில் மூன்றில் ஒன்று படகின் கண்ணுக்கு மறைந்த பிறகு செத்திருக்கிறது. விட்டவர்கள் ஜீவகாருண்யத்தோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

சாகாவிட்டால் சரியா? 2003-ல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெட்டன் என்ற அம்மையார் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீயின் விஷத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்தார். அவை உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டின. அமிலம் பட்டவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. வெகு நேரம் இரை எடுக்கவில்லை. மீனுக்கு வலியை உணரும் மூளைப் பகுதியே இல்லை என்று மறுக்கிற விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் சந்தேகத்தின் பலன் யாருக்குப் போக வேண்டும்? கோர்ட்டில் குற்றவாளிக்குக் கொடுக்கிறோம். இங்கே வாயில் கொக்கி மாட்டியிருப்பவனுக்குக் கொடுக்காமல் கம்பைப் பிடித்திருப்பவனுக்குக் கொடுப்பது என்ன நியாயம்? ஸ்விட்ஸர்லாந்துக்காரர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். விட்டுவிடும் எண்ணத்துடனேயே மீன் பிடிப்பதை அவர்கள் 2009 முதல் சட்டத்தில் தடுத்துவிட்டார்கள். தின்பதற்குப் பிடி, இல்லாவிட்டால் பிடிக்காதே என்பது அவர்கள் கட்சி. என் கட்சியும் அதுவே.

இரண்டாவது வாதம், என் மருமகன் கேட்டது: நீர் தின்கிறவர்தானே? ஆமாம், தின்கிறவன்தான். வடலூர் எங்களுக்குப் பக்கந்தான் என்றாலும் நான் அந்த உயரத்துக்கு ஏறியவன் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறேன். சங்கராவையும் மத்தியையும் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறேன். அந்த மீன் என் பொருட்டுச் செத்தது என்பது எனக்குத் தெரியும். அது என் கணக்கில் எழுதப்பட்ட கடன். மறுபிறவியோ கடவுளோ இருந்தால் அங்கே அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் ஒன்று. அது சாகும் அவஸ்தை எனக்கு ஆனந்தமாய் இருக்கவில்லை. அது உடனே செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு நிம்மதி. தூண்டில் விளையாட்டுக்காரருக்கு அது ஏமாற்றம்! 'சண்டையே போடலை சார், சப்பென்று வந்துவிட்டது' என்று வருத்தப்படுவார். என் சாப்பாட்டுக்கு மீனின் மரணம் வேண்டியிருக்கிறது. அவர் சந்தோஷத்துக்கு மீனின் போராட்டம் வேண்டியிருக்கிறது. இரண்டும் பாவமென்றே வைத்துக்கொள்வோம். ஒன்றல்ல என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாதம்: வலைக்காரர்கள் கொல்வதில் நூற்றில் ஒரு பங்கு நாங்கள் கொல்வதில்லையே? சரிதான். இந்துமாக் கடலில் மயில் மீன் பெரும்பாலும் செவுள் வலையில்தான் சாகிறது. இந்தியா, ஈரான், பாகிஸ்தான், இலங்கை எல்லாம் பிடிக்கின்றன. சூரைக்கு விரித்த வலையில் இதுவும் மாட்டிக்கொள்கிறது. அந்த வலைகளுக்கு அளவும் காலமும் கண்டிப்பும் வேண்டும் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் பெரிய திருடன் என்பது என் வீட்டுத் திருட்டுக்கு ரசீது ஆகாது. அதுவுமல்லாமல், வலையில் மாட்டியது கரைக்கு வந்து, துண்டாகி, ஏதோ ஒரு குடும்பத்தின் குழம்பில் கொதிக்கிறது. வீணாகவில்லை.

நான்காவது வாதந்தான் பலமானது. அதற்கு நான் காவிரிக்குப் போக வேண்டும்.

கர்நாடகத்தில் காவிரிக் கரையில் பீமேஸ்வரி, கலிபோரே என்று மீன்பிடி முகாம்கள் இருந்தன. அந்த ஆற்றின் பெரிய கெண்டையான மஹ்சீர் உலகப் பிரசித்தம். 1946-ல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் 120 பவுண்டு எடையுள்ள மீனைப் பிடித்தார். பிற்காலத்தில் முகாம்களில் பிடித்த மீனை விட்டுவிடுவது விதி. வெடி போட்டு மீனைக் கொன்ற உள்ளூர்க்காரர்களில் பலர் முகாமில் வழிகாட்டிகளாகச் சம்பளத்துக்கு அமர்ந்தார்கள். ஆற்றை இரவும் பகலும் காவல் காத்தார்கள். சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வேட்டைதானே என்ற கேள்வி எழுந்து, 2010-களின் தொடக்கத்தில் அந்த மீன்பிடி நிறுத்தப்பட்டது. 'பார்த்தீரா, நாங்கள் போனதும் ஆற்றுக்குக் காவலே போயிற்று' என்கிறார்கள். பல வருஷமாக அவர்கள் எழுதி வைத்த கணக்குப் புத்தகங்கள்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் உதவின. இதையெல்லாம் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கணக்கு என்ன சொல்லிற்று என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹ்சீர் மறைந்துகொண்டே போயிருக்கிறது. அதன் இடத்தில், வெளியிலிருந்து குஞ்சாகக் கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகியிருக்கிறது. 'மீன் நிறைய இருக்கிறது, ஆறு செழிப்பாயிருக்கிறது' என்று எல்லாரும் மகிழ்ந்துகொண்டிருந்த காலத்தில் ஆற்றின் சொந்தப் பிள்ளை வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. 2018-ல் அதற்கு விஞ்ஞானப் பெயர் உறுதியானபோது, அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலிலும் அது சேர்ந்துவிட்டது. நீலகிரியில் நடந்ததும் இதே மனோபாவந்தான். வெள்ளைக்காரத் துரைக்குத் தம் ஊர் ஓடையில் பிடித்த மீனையே இங்கும் பிடிக்க ஆசை. 1863-லேயே பிரான்ஸிஸ் டே டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்ஸன் என்பவர் வெற்றி பெற்றார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை எழுந்தது. ஓடையில் ஏற்கெனவே இருந்த சின்னஞ்சிறு மீன்களை யார் கேட்டார்கள்? விளையாட்டுக்காரருக்கு ஆறு என்பது மைதானம். மைதானத்தில் புல்லை மாற்றலாம் என்று அவர் நினைப்பதில் ஆச்சரியமில்லை.

இப்பொழுது எங்கள் மலைக்கு வருகிறேன். என் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்து, 1976-ல்தான் முழுசாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது. மலையாளிப் பழங்குடிகள் வாழ்கிற பூமி. வெள்ளிமலைப் பக்கம் ஓடைக்கரையில் ஒரு பெரியவர் மூங்கில் சிம்பைச் சீவி மீன் பறி பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே கோமுகி அணையில் பட்டணத்துப் பையன்கள் சக்கரம் வைத்த கம்போடு வந்து, பிடித்துப் பிடித்துப் படமெடுத்துவிட்டு விடுகிறார்கள் என்று பேச்சு வந்தது.

"திங்கலேன்னா எதுக்குங்க புடிக்கிறாங்க?" என்று கேட்டார்.

"விளையாட்டுக்கு" என்றேன்.

"யாருக்கு?" என்றார்.

அவரைத் தத்துவஞானி ஆக்கிவிட எனக்கு உத்தேசமில்லை. மருக்காரைக் காயை இடித்து மடுவில் கலக்கி, மீனை மயக்கிப் பிடித்த கதையையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அது தப்பு. குஞ்சும் முட்டையும் எல்லாம் போய்விடும். 1897-ம் ஆண்டு மீன்வளச் சட்டமே வெடியையும் விஷத்தையும் தடை செய்தது, நல்ல சட்டம். ஆனால் அந்தக் காலத்தின் மனசைப் பாருங்கள். சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், நம் நாட்டு ஆறுகளில் தூண்டில் போடும் கலையைப் பற்றி 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' என்று பெரிய புத்தகமே எழுதினார். மீன் குறைகிறதே என்று கவலைப்பட்டவர் அவர். அந்தக் கவலையில் கண்ணில் பட்டவை கிராமத்தானின் சிறு கண் வலையும் பறியும் விஷக் காயும். கையில் இருந்த கம்பு கண்ணில் படவில்லை. நூற்றைம்பது வருஷம் ஆகியும் கணக்கு மாறவில்லை. பறி வைக்கிறவன் 'அழிக்கிறவன்'. கம்பு வைத்திருப்பவர் 'இயற்கை ஆர்வலர்'. காட்டு இலாகாவின் ஜீப் யாரைக் கண்டால் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். காட்டில் வாழ்கிற சமூகங்களுக்கு நீர்நிலைகளிலுள்ள மீனின் மீதும் மற்ற விளைபொருளின் மீதும் உரிமை உண்டு என்று பார்லிமெண்டு எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் ஆமை நடையில்தான் மலையேறியது. அந்த உரிமைச் சீட்டு ஓடைக்கரைப் பெரியவரின் கைக்கு ஒழுங்காய்ப் போய்ச் சேருவதற்கு முன்னால், 'சுற்றுலா வளர்ச்சி' என்ற பெயரில் கம்பும் படகும் முகாமும் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பது என் பயம். காவிரியில் உள்ளூர்க்காரன் சம்பளத்துக்குக் காவல்காரன் ஆனான் என்று பெருமை பேசுகிறார்கள். தன் ஆற்றிலேயே அவன் ஏன் பிறருக்குக் காவல்காரனாக வேண்டும்? ஆறே அவனுடையது என்று எழுதிக் கொடுத்து, வெடியையும் விஷத்தையும் அவன் கிராம சபையே தடுக்கட்டும் என்று விட்டுப் பார்த்தோமா? பார்க்காமலே, பணக்காரன் கம்பைப் போட்டால்தான் ஆறு பிழைக்கும் என்று தீர்ப்புச் சொல்வது சோம்பேறித்தனம்.

'ஜல்லிக்கட்டு மட்டும் விளையாட்டா?' என்று ஒருவர் கேட்கப்போவது காதில் விழுகிறது. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தடுத்து, 2017-ல் மெரினா நிறைந்து, சட்டம் திருத்தப்பட்ட விவகாரம். அதைப் பற்றியும் எனக்குக் கேள்விகள் உண்டு. இன்னொரு கட்டுரையில் சண்டை போடலாம். ஆனால் திமிலைப் பிடிக்க இறங்குகிறவன் தன் குடலைப் பணயம் வைத்து இறங்குகிறான். மாடு ஜெயித்தால் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும். படகில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் குளிர்பானத்தை வைத்துக்கொண்டு சக்கரம் சுழற்றுகிறவர் எதைப் பணயம் வைத்தார்? அறுந்த நூலின் விலையை!

நான் தடைச் சட்டம் கேட்கவில்லை. தடை போட்டால் லைசென்ஸ் வரும், லைசென்ஸ் வந்தால் புரோக்கர் வருவான். நம் ராஜ்யத்தில் அது நடக்கிற வழி எனக்குத் தெரியும். நான் கேட்பது மூன்று. கடலானாலும் கோமுகி அணையானாலும், தின்னப் போவதில்லை என்றால் கொக்கியை நீரில் இறக்காதீர்கள். மீனைப் பார்க்கத்தான் ஆசை என்றால் பாருங்கள், கண்ணாடி மாட்டிக்கொண்டு நீருக்குள் இறங்கி மயில் மீனின் வேட்டையைக் காட்டி அழைத்துப் போகிற படகுகள் மெக்ஸிகோவில் இருக்கின்றன. மலையோடைகளின் மீனை முதலில் மலைக்காரனுக்கு எழுதிக் கொடுங்கள். சுற்றுலாக்காரனுக்கு அனுமதி வேண்டுமானால் அவன் வீட்டுத் திண்ணையில் போய்க் கேட்கட்டும், கலெக்டர் ஆபீஸில் வேண்டாம். இந்த இரண்டும் முடியாதென்றால், போகட்டும், மூன்றாவது செலவில்லாதது: அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். வேட்டை என்றே சொல்லுங்கள். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் கூசும். கூசட்டும். அந்தக் கூச்சம் இருக்கிற வரையில், விடப்பட்ட மீனுக்கு இல்லாவிட்டாலும் இன்னும் பிடிபடாத மீனுக்கு ஏதோ ஒரு நாதி இருக்கும்.